இத்ரியா: பாதரசச் சுரங்கத்தின் மேல் நிற்கும் ஊர்

ஸ்லோவேனியாவின் மேற்குப் பகுதியில், நாலு பக்கமும் மலைகள் நெருக்கி நிற்கும் ஒரு பள்ளத்தில் இருக்கிறது இத்ரியா. சிறிய ஊர்தான். இத்ரீட்சா, நீகொவா என்று இரண்டு ஆறுகள் அங்கே சேர்கின்றன. ஊரின் சதுக்கம், தேவாலயம், வீடுகள் எல்லாவற்றுக்கும் அடியில் 15 தளங்களாக, 380 மீட்டர் ஆழம் வரை சுரங்கம் இறங்குகிறது. ஐந்நூறு ஆண்டுகளில் தோண்டிய பாதைகளின் மொத்த நீளம் சுமார் 700 கிலோமீட்டர். அவற்றின் வழியாக வெளியே வந்த பாதரசம் 1,07,000 டன்னுக்கும் அதிகம். மனிதர்கள் இதுவரை பூமியிலிருந்து எடுத்த பாதரசத்தில் ஏறக்குறைய 13 சதவீதம் இந்த ஒரே ஊரிலிருந்து போயிருக்கிறது. இதைவிடப் பெரிய பாதரசச் சுரங்கம் உலகில் ஒன்றே ஒன்றுதான், ஸ்பெயினின் அல்மதேன். 2012-ல் யுனெஸ்கோ இரண்டு ஊர்களையும் சேர்த்து ஒரே உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

பாரம்பரியச் சின்னம் என்றதும் கோட்டையும் பழைய இயந்திரங்களும்தான் முதலில் கண்ணில் படும். இத்ரியாவில் எனக்கு முக்கியமாகப் படுவது அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்கள். பாதரசத்தின் லாபம் வெனிஸுக்கும் வியன்னாவுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் போனது. கை நடுக்கமும் உதிர்ந்த பற்களும் ஊரில் தங்கின. சுரங்கம் மூடிய பிறகும் இந்த ஊர் காலியாகவில்லை என்றால், அதற்குக் காரணம் பூமிக்கடியில் கிடந்த உலோகம் அல்ல. அந்த மக்கள் அதற்குப் பக்கத்திலேயே தங்களுக்காக வளர்த்துக்கொண்ட வேறு சில விஷயங்கள்தான்.

ஊர் தோன்றிய கதையை அங்கே எல்லோரும் சொல்வார்கள். 1490 வாக்கில் மரத்தொட்டி செய்யும் ஒருவர், புதுத் தொட்டி நீரில் ஊறட்டும் என்று ஓர் ஊற்றில் இரவு விட்டுவிட்டுப் போனார். காலையில் வந்து தூக்கினால் தொட்டி அசையவில்லை. அடியில் ஏதோ பளபளவென்று உருண்டுகொண்டிருந்தது. கதை எவ்வளவு உண்மையோ, அந்த ஊற்று இருந்ததாகச் சொல்லப்படும் இடத்தில் இன்று புனித திரித்துவ தேவாலயம் நிற்கிறது. நிலவியலும் கதைக்கு ஒத்துத்தான் போகிறது. மற்ற பல சுரங்கங்களில் பாதரசம் கந்தகத்தோடு சேர்ந்த சிவப்புத் தாதுவாகத்தான் கிடைக்கும்; சித்த மருத்துவத்தில் சாதிலிங்கம் என்பார்களே, அதேதான். இத்ரியாவில் அந்தத் தாதுவோடு கூட, கருப்புப் பாறைப் படலங்களுக்கு நடுவே தனிப் பாதரசமே துளித்துளியாக உட்கார்ந்திருக்கிறது. கல்லை உடைத்தால் வெள்ளித் துளிகள் வழியும்.

1508 ஜூன் 22, புனித அகாசியுஸ் நாளன்று, வளமான தாது அடுக்கு ஒன்று அகப்பட்டது. அந்த நாளை ஊர் நெடுங்காலம் திருநாளாகவே கொண்டாடியது. அதன் பிறகு யாருக்குத்தான் ஆசை வராது? வெனிஸ் குடியரசும் ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரசும் இந்தப் பள்ளத்தாக்குக்காக மோதின. தொடக்கத்தில் தனியார் பங்குதாரர்கள் நடத்திய சுரங்கத்தை 1575-லிருந்து ஆஸ்திரிய அரச குடும்பமே எடுத்துக்கொண்டது. அவ்வளவு தேவை அந்த உலோகத்துக்கு. கண்ணாடிக்கு ரசம் பூச வேண்டும், மேகநோய்க்கு மருந்தாகத் தடவ வேண்டும், சிவப்புச் சாயம் வேண்டும். எல்லாவற்றையும் விட, அமெரிக்கக் கண்டத்தில் வெள்ளி எடுக்க அது வேண்டும். 1550-களில் மெக்ஸிகோவின் பச்சூகாவில் பார்த்தொலோமே தெ மெதீனா என்பவர், அரைத்த வெள்ளித் தாதுவோடு பாதரசத்தைக் கலந்து வெள்ளியைப் பிரிக்கும் முறையைப் பெரிய அளவில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அப்புறம் பாதரசம் இல்லாமல் ஸ்பெயினுக்கு வெள்ளி இல்லை என்றாகிவிட்டது. ஸ்பெயின் தன் தேவைக்கு அல்மதேனையும் பெருவின் உவான்கவெலிகாவையும் நம்பியிருந்தது. அவை போதாமல் போன 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்ரியாவின் பாதரசமும் ஒப்பந்தம் போட்டு அட்லாண்டிக் கடலைத் தாண்டியது.

பதப்படுத்திய ஆட்டுத்தோல் பைகளில் பாதரசத்தை ஊற்றி, இறுகக் கட்டி, சின்னச் சின்ன மரப்பீப்பாய்களில் அடைத்துக் குதிரை மேல் ஏற்றி அனுப்பினார்கள். ஒரு லிட்டர் பாதரசம் 13.5 கிலோ எடை. பீப்பாய் ஏன் சின்னதாக இருந்தது என்று இதிலேயே புரியும்.

தாதுவிலிருந்து பாதரசத்தைப் பிரிப்பது கேட்பதற்கு எளிது. சூடாக்கினால் கந்தகம் புகையாகப் போகும், பாதரசம் ஆவியாகும், ஆவியைக் குளிர வைத்தால் துளியாக இறங்கும். ஆனால் அந்த ஆவியில் ஒரு பகுதி எப்போதும் தப்பிவிடும். முதல் ஒன்றரை நூற்றாண்டில் தாதுவைக் காட்டுக்கே தூக்கிப்போய், விறகு கிடைக்கும் இடத்தில் மண் பானைகளில் அடைத்துச் சுட்டார்கள். ஊரைச் சுற்றியுள்ள காடுகளில் ப்ஷெங்க் போன்ற இடங்களில் அந்தப் பானை ஓடுகள் இன்றும் குவியலாகக் கிடைக்கின்றன. ஓடுகளுக்கு அடியில் உள்ள மண்ணில் இன்றும் பாதரசம் மிக அதிகம். பிறகு நிலையான உலைகள் வந்தன. 1750 வாக்கில், பெருவில் பிறந்து அல்மதேன் வழியாக வந்த ஸ்பானிய உலை அமைப்பு இத்ரியாவுக்கும் வந்து சேர்ந்தது. உலை நவீனமாக ஆக ஆக உற்பத்தி கூடியது, அதோடு புகையும் கூடியது. தோண்டி எடுத்த பாதரசத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு இப்படிக் காற்றிலும் மண்ணிலும் ஆற்றிலும் கலந்துபோனதாக ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள்.

மூச்சோடு உள்ளே போன பாதரசம் மூளையையும் நரம்பையும் பிடித்துக்கொள்ளும். வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். ஈறு வீங்கி, பற்கள் ஆடி விழும். விரல் நடுங்கும், பிறகு கை, பிறகு உடம்பு முழுவதும். கூச்சமும் எரிச்சலும் தூக்கமின்மையும் சேர்ந்து ஆள் குணமே மாறிப்போவார். 1527-ல் இத்ரியாவுக்கு வந்த சுவிஸ் மருத்துவர் பாரசெல்சுஸ், அந்த மக்கள் கூனிக் குறுகி, முடங்கி, மூச்சு வாங்கி, குளிர் விடாமல் நடுங்குவதாகவும் முழுதாகக் குணமாகும் நம்பிக்கை அவர்களுக்கு இல்லை என்றும் எழுதிவைத்தார். 1665-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழ் வெளிவந்த முதல் ஆண்டிலேயே, வால்ட்டர் போப் என்பவர் இந்தச் சுரங்கத்தைப் பார்த்து எழுதிய கடிதம் அச்சானது. அதில் ஒரு தொழிலாளியைப் பற்றிச் சொல்கிறார். வேலைக்கு வந்து அரை ஆண்டுகூட ஆகவில்லை. அவர் ஒரு பித்தளைத் துண்டை வாயில் வைத்தாலோ விரல்களுக்கு நடுவே தேய்த்தாலோ, அது வெள்ளி போல வெளுத்துவிடுமாம். பித்தளையில் பாதரசம் பட்டால் அப்படித்தான் ஆகும். அவருடைய எச்சிலிலும் வியர்வையிலும் அவ்வளவு பாதரசம் இருந்திருக்கிறது. பார்க்க வந்தவருக்கு அது விந்தை. எனக்கு அந்த மனிதர் அதற்குப் பிறகு எத்தனை நாள் இருந்தார் என்பதுதான் நெஞ்சில் நிற்கிறது.

அதே 1665-ல்தான் இத்ரியாவில் சுரங்க வேலை நேரம் ஒரு நாளைக்கு 6 மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. தொழிலாளர் உடல்நலத்துக்காகப் போடப்பட்ட உலகின் மிகப் பழைய விதிகளில் ஒன்றாக இதைச் சொல்வார்கள். கருணையால் வந்த விதி என்று நான் நம்பவில்லை. பாறையின் போக்கு தெரிந்த ஒரு சுரங்கக்காரரை உருவாக்கப் பல ஆண்டுகள் ஆகும்; அவர் சீக்கிரம் செத்துவிட்டால் அரசுக்கு நஷ்டம். எதனால் வந்தாலும், அந்த 6 மணி நேரம் பல உயிர்களைச் சில ஆண்டுகளாவது நீட்டித்திருக்கும்.

1754-ல் ஊருக்கு முதல் சுரங்க மருத்துவர் வந்தார். பெயர் ஜொவானி அந்தோனியோ ஸ்கோபோலி, வயது 31. திரோல் மலைப்பகுதியில் பிறந்தவர். 15 ஆண்டுகள் இங்கே இருந்தார். பகலில் நடுங்கும் கைகளைப் பரிசோதித்தார், நேரம் கிடைத்தபோதெல்லாம் மலையேறிச் செடிகளும் பூச்சிகளும் சேகரித்தார், ஸ்வீடனில் இருந்த தாவரவியலாளர் லின்னேயஸுடன் கடிதம் வழியாக விவாதித்தார். 1761-ல் வெளிவந்த அவருடைய இத்ரியப் பாதரசம் பற்றிய லத்தீன் நூலில் சுரங்கத் தொழிலாளர்களின் நோய்க்குறிகள் ஒரு மருத்துவரின் கண்ணால் பதிவாயின. இன்று பயணக் குமட்டலுக்கு ஸ்கோபோலமின் என்ற மருந்து கொடுக்கிறார்களே, அந்தப் பெயர் ஸ்கோபோலியா என்ற செடியிலிருந்து வந்தது. செடிக்கு இவர் பெயரைத்தான் வைத்தார்கள். இத்ரியாவைச் சுற்றியுள்ள காடுகளில் அது இன்றும் பூக்கிறது. மருத்துவரால் நோயைப் பெயர் சொல்லி எழுத முடிந்தது, ஆனால் உலையை நிறுத்த முடியவில்லை. 1803-ல் சுரங்கத்துக்குள் தீப்பிடித்தபோது ஆற்று நீரை உள்ளே திருப்பிவிட்டுத்தான் அணைக்க முடிந்தது. அப்போது கிளம்பிய ஆவியால் ஊரில் நூற்றுக்கணக்கானோருக்கு நடுக்கம் கண்டது; மாடுகளும் பாதிக்கப்பட்டன.

18-ஆம் நூற்றாண்டு இத்ரியாவின் உச்சம். ஹாப்ஸ்பர்க் ஆட்சியில் இருந்த கார்னியோலா மாநிலத்தில், இன்றைய ஸ்லோவேனியத் தலைநகர் லுப்லியானாவுக்கு அடுத்த பெரிய ஊராக வளர்ந்தது. முதலாளி ஒருவர்தான், அரசு. வேலை, வீடு, சோறு எல்லாமே சுரங்க நிர்வாகத்தின் கையில். சதுக்கத்தில் இன்றும் நிற்கும் பெரிய களஞ்சியம் அதற்குச் சாட்சி: தொழிலாளிக்குக் கூலியில் ஒரு பகுதி இங்கிருந்து தானியமாகத்தான் அளக்கப்பட்டது. அதன் அருகே 1769-ல் ஒரு நாடகக் கொட்டகை கட்டினார்கள். இன்றைய ஸ்லோவேனிய எல்லைக்குள் கல்லால் கட்டிய மிகப் பழைய நாடக அரங்கு அது.

மலையில் வெட்டிய மரத்தை ஊருக்குக் கொண்டுவர ஆறுகளின் மேற்பகுதியில் கல் அணைகள் எழுப்பினார்கள். அங்கே அவற்றுக்குக் க்லாவ்ஜே என்று பெயர். அணையில் நீரைத் தேக்கி, கீழே மரங்களை அடுக்கி, மதகை ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் வெள்ளம் மரங்களை அள்ளிக்கொண்டு ஊர் வரை போகும். அங்கே ஆற்றுக்குக் குறுக்கே கட்டியிருந்த பெரிய மரத்தடுப்பு அவற்றைப் பிடித்து நிறுத்தும். இந்தக் கல் அணைகளின் பின்னால் இருந்தவர் யோஷெஃப் ம்ராக், சுரங்க அளவையாளர். அவரே இளைஞர்களுக்கு அளவையும் வரைபடமும் கற்றுக்கொடுத்தார். 1790-ல் சுரங்கத்திலிருந்து தண்ணீர் இறைக்க ஒரு மரச்சக்கரம் அமைத்தார்கள். விட்டம் 13.6 மீட்டர். ஆற்றுநீர் அதைச் சுழற்ற, நீண்ட மரத்தண்டுகள் அசைந்து, ஆழத்தில் இருந்த பம்புகளை இயக்கின. 1948 வரை அது ஓடியது. கம்ஷ்ட் என்று அழைக்கும் அந்தச் சக்கரத்தை இன்றும் போய்ப் பார்க்கலாம்.

தொழிலாளியின் நாள் விடிவதற்கு முன்பே தொடங்கும். அந்தோணியார் சுரங்கப் பாதையின் வாயிலில் ஒரு கட்டடம். அங்கே எல்லோரும் கூடுவார்கள், பெயர் கூப்பிடுவார்கள், பிரார்த்தனை முடிந்ததும் யாருக்கு எந்த வேலை என்று பிரித்துக் கொடுப்பார்கள். உள்ளே கொஞ்ச தூரம் நடந்தால் பாறைக்குள்ளேயே ஒரு சின்னக் கோயில். அதைத் தாண்டும்போது இன்னொரு தடவை வேண்டிக்கொண்டு, ஒருவருக்கொருவர் "ஸ்ரேச்னோ" என்று சொல்லிப் போவார்கள். நல்லபடியாகப் போய் வா என்று பொருள். சுரங்கத்துக்குள் பெர்க்மாண்ட்லெட்ஸ் என்ற குள்ளன் குடியிருப்பதாக ஒரு நம்பிக்கை. அவனுக்குச் சாப்பாட்டில் கொஞ்சம் வைத்தால் நல்ல தாது இருக்கும் இடத்தைத் தட்டிக் காட்டுவான், மறந்தால் விளக்கை ஒளித்துவைப்பான் என்பார்கள்.

வீட்டுக்கு வருவோம். சரிவில் ஒட்டி நிற்கும் உயரமான வீடுகள், வெள்ளைச் சுவர், செங்குத்தான மரக்கூரை, வரிசையாகச் சின்னச் சின்ன ஜன்னல்கள். ஒரே வீட்டில் மூன்று நான்கு குடும்பங்கள். ஜன்னல் ஓரத்தில் பெண்கள் உருண்டையான ஒரு தலையணையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதன் மேல் வரைபடத் தாள் குத்தியிருக்கும். நூல் சுற்றிய மரக்கட்டைகளை இரண்டிரண்டு ஜோடியாகக் கையில் எடுத்து, குறுக்கும் நெடுக்குமாக மாற்றி, ஊசி குத்தி நிறுத்தி, மறுபடியும் மாற்றி, லேஸ் பின்னுவார்கள். கட்டைகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் வீட்டுக்கு வீடு கேட்கும். இத்ரியாவில் இந்தத் தொழில் பற்றிய முதல் எழுத்துப் பதிவு 1696-ஐச் சேர்ந்தது.

லேஸைப் பொழுதுபோக்கு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கூலி குடும்பத்துக்குப் போதவில்லை. கணவர் நாற்பது வயதில் நடுக்கத்தோடு வீட்டில் உட்கார்ந்துவிட்டால் அடுப்பு எரிய வேண்டியது மனைவியின் விரல்களால்தான். ஒரே வீட்டில் ஒருவருடைய கை கிண்ணத்தைப் பிடிக்க முடியாமல் ஆடும், இன்னொருவருடைய கை மயிரிழை நூலைப் பிசகாமல் கோர்க்கும். பாதரசம் எடுத்த குடும்பங்களின் உண்மையான காப்பீடு லேஸ்தான். 1876-ல் இதற்கென்று ஒரு பள்ளி திறந்தார்கள். அது இன்று வரை நின்றதே இல்லை. சிறுமிகளோடு சிறுவர்களும் அங்கே கற்கிறார்கள். 2018-ல் ஸ்லோவேனிய லேஸ் பின்னலும் யுனெஸ்கோவின் கலாச்சார மரபுப் பட்டியலில் சேர்ந்தது. சாப்பாட்டிலும் ஊருக்குத் தனி அடையாளம் உண்டு. உருளைக்கிழங்கு மசியலை மெல்லிய மாவில் பொதிந்து, தொப்பி மாதிரி மடித்து வேகவைக்கும் ஜ்லிக்ரோஃபி. ஏழைச் சமையல்தான், ஆனால் இன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்புப் பெயர் பெற்ற பண்டம்.

கல்வியையும் ஊர் தானே பிடித்துக்கொண்டது. 1901-ல் நகராட்சி ஸ்லோவேனிய மொழியில் ஒரு உயர்நிலைப் பள்ளியைத் தொடங்கியது. ஆஸ்திரியப் பேரரசில் ஜெர்மன் கோலோச்சிய காலத்தில் அந்த வகையில் முதல் ஸ்லோவேனியப் பள்ளி அதுதான். முதல் உலகப்போருக்குப் பிறகு 1920-ல் ரப்பாலோ ஒப்பந்தப்படி இத்ரியா இத்தாலிக்குப் போனது. பாசிச ஆட்சி ஸ்லோவேனிய வகுப்பறைகளை மூடியது. இந்தப் பள்ளியும் 1926-ல் மூடப்பட்டது. பல குடும்பங்கள் ஊரை விட்டுப் போயின. இத்தாலிக்கு மோந்தே அமியாத்தா என்ற இன்னொரு பாதரசப் பகுதியும் இருந்ததால், 1928-ல் ஸ்பெயினும் இத்தாலியும் கைகோத்து உலகப் பாதரச விலையைத் தங்கள் பிடிக்குள் கொண்டுவந்தன. இரண்டாம் உலகப்போர் முடிந்து யூகோஸ்லாவியா வந்தது. சுரங்கம் ஓடிக்கொண்டே இருந்தது.

நிறுத்தியது சந்தை. ஜப்பானின் மினமாட்டாவில், ஆலைக் கழிவில் இருந்த பாதரசம் மீன் வழியாக மக்களை நோயாளியாக்கியது 1956-ல் வெளிப்பட்டது. அந்தப் பேரழிவுக்குப் பிறகு பாதரசத்தின் மேல் உலகின் பார்வை மெல்ல மாறியது. 1970-களில் தேவை சரிந்தது, விலை விழுந்தது. 1977-ல் இத்ரியாவில் உற்பத்தி நின்றது. 1983-ல் சிறிய அளவில் மறுபடி தொடங்கி, 1990-களின் நடுவில் முழுதாக முடிந்தது. மூடுவதுகூட அங்கே எளிதாக இல்லை. ஊரே சுரங்கத்தின் மேல் இருப்பதால், உள்ளே உள்ள வெற்றிடங்கள் இடிந்தால் வீடுகள் சேர்ந்து இறங்கும். ஆகவே மேல் தளங்களின் குழிகளைக் கான்கிரீட் போட்டு நிரப்பினார்கள், கீழ்த் தளங்களை நீரில் மூழ்கவிட்டார்கள், நிலம் நகர்கிறதா என்று அளந்துகொண்டே இருக்கிறார்கள்.

இந்தக் கடைசிக் காலத்தில் விஞ்ஞானம் தொழிலாளர்களிடமிருந்து ஒரு பெரிய விஷயத்தைக் கற்றது. 1975-ல் 'நேச்சர்' இதழில் கோஸ்தா, பைர்ன், ஸெலென்கோ என்ற மூவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இறந்த இத்ரியச் சுரங்கத் தொழிலாளர்களின் உறுப்புகளைப் பரிசோதித்தபோது, பாதரசம் எங்கெல்லாம் சேர்ந்திருந்ததோ அங்கெல்லாம் செலினியம் என்ற தனிமமும் சேர்ந்திருந்தது. அதுவும் அணுவுக்கு அணு ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில். ஓய்வு பெற்று ஆண்டுகள் கழித்து இறந்தவர்களிடமும் இதே நிலை. உடம்பு விஷத்தை வெளியேற்ற முடியாமல், செலினியத்தால் கட்டிப்போட்டு வைத்திருந்தது. செலினியத்துக்கும் பாதரசத்துக்கும் உள்ள உறவு பற்றி இன்று நடக்கும் பல ஆய்வுகளுக்கு அந்த மனிதர்களின் உடல்கள்தான் அடித்தளம்.

சுரங்கம் மூடினால் சுரங்க ஊர் காலியாவதுதான் வழக்கம். அல்மதேனில் அதுதான் நடந்தது. அங்கே மக்கள்தொகை பாதிக்கும் கீழே போய்விட்டது. இத்ரியாவில் அப்படி ஆகவில்லை. சுரங்கம் ஓடும்போதே, 1963-ல், அங்கே கொலெக்டர் என்ற தொழிற்சாலை தொடங்கியது. மின்மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரத்தைக் கொடுக்கும் கம்யூட்டேட்டர் என்ற உறுப்பைச் செய்ய ஆரம்பித்து, உலகச் சந்தை வரை வளர்ந்தது. ஹித்ரியா என்ற இன்னொரு நிறுவனமும் வந்தது. தலைமுறைகளாக இயந்திரம் பழுது பார்த்தவர்கள், அளவை தெரிந்தவர்கள், நல்ல பள்ளியில் படித்தவர்கள் ஊரில் இருந்தார்கள். அந்தத் தொழிற்சாலைகளுக்கு வேண்டியதும் அப்படிப்பட்டவர்கள்தான்.

மீதி இருப்பது ஆறு. தாதுவைச் சுட்டபின் மிஞ்சிய கழிவை நூற்றாண்டுக் கணக்கில் இத்ரீட்சாவின் கரைகளில் கொட்டினார்கள். வெள்ளம் வரும்போதெல்லாம் அது கரைந்து சோச்சா ஆற்றில் சேர்ந்து, இத்தாலிய எல்லையைத் தாண்டி, திரியெஸ்தே வளைகுடாவில் போய்ப் படிகிறது. கடலடிச் சேற்றில் நுண்ணுயிர்கள் அதை மீத்தைல் பாதரசமாக மாற்றுகின்றன. மீனிலும் சிப்பியிலும் ஏறுவது அந்த வடிவம்தான். கிராடோ, மரானோ காயல்களில் மீன்பிடித்து வாழும் குடும்பங்களின் தலைமுடியில் எவ்வளவு பாதரசம் இருக்கிறது என்று இத்தாலிய ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். அந்தக் குடும்பங்கள் இத்ரியாவில் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை. அவர்கள் ஊருக்கும் சுரங்கத்துக்கும் நடுவே ஒரு நாட்டு எல்லை இருக்கிறது. கரையில் படிந்த கழிவு தீரும் வரை இரு நாட்டு ஆய்வாளர்களும் ஒவ்வொரு பெரிய வெள்ளத்துக்குப் பிறகும் சேற்றை எடுத்துச் சோதித்தாக வேண்டும். கழிவின் அளவைப் பார்த்தால் அந்த வேலை இன்னும் பல தலைமுறைகளுக்கு இருக்கும்.